பாஸ்போட்டின்படி பத்தொன்பது

1

ஒரு சென்டர் ஆறடி ஒன்பது அங்குலம் என்று தாளில் போட்டிருந்தால், நான் இரண்டு அங்குலத்தைக் கழித்துவிட்டுத்தான் மேலே படிப்பேன். ஓர் அங்குலம் சப்பாத்துக்கு. மற்றது ஆசைக்கு. கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: வளையத்துக்குக் கீழே நின்று, எதிராளியை உள்ளே விடாமல் மறித்து, தவறித் திரும்பும் பந்தைப் பறிப்பவன்தான் சென்டர். அணியிலேயே நெடியவன். அவன் இத்தனை புள்ளி எடுத்தான் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பமாட்டேன். யாருக்கு எதிராக எடுத்தான் என்று கேட்பேன்.

இந்தக் கிழமையுடன் நான் ஒக்லாந்துக்கு வந்து நான்கு வருடம். அங்கே என்னதான் செய்கிறாய் என்ற கேள்வி ஊரிலிருந்து வரும் கடிதங்களில் மாறாமல் இருக்கிறது. பகலில் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிறேன். கிழமையில் மூன்று பின்னேரம் சூப்பர்மார்க்கெட்டில் ரின்மீன் அடுக்குகிறேன், லேபல் எல்லாம் முன்னுக்குப் பார்க்க. மிச்ச நேரம் கொப்பியும் பென்சிலுமாக ஏதாவது ஒரு ஜிம்மில் இருப்பேன். ஷெல்லுக்குத் தப்பி வந்தது பந்து எண்ணவோ என்று அண்ணை கேட்பார். அவருடைய வீட்டில்தான் இருக்கிறேன் என்பதால் பதில் சொல்வதில்லை.

சந்தேகப்படுவதை இங்கே வந்து படித்தேன் என்று எழுதினால் பொய். அதை ஊரிலிருந்தே கொண்டுவந்தோம். இந்த நாட்டு விமான நிலையத்தில் எங்கள் பெட்டிகளைக் கிளறி மாம்பழத்தையும் தேனையும் எடுத்து எறிந்தார்கள். சந்தேகத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அது இங்கத்தைக் குளிரிலும் நன்றாக வளருகிறது. வாடகைப் பத்திரத்தை மூன்று தரம் வாசிக்கிறோம். அடுத்த வீட்டு வெள்ளைக்காரி கேக் கொண்டுவந்து தந்தால், ஏன் தந்தவள் என்று இரண்டு நாள் கதைக்கிறோம். நான் அந்தக் குணத்தை ஒரு தொழிலாக்கப் பார்த்தேன். அதில் நடந்த பிழையைத்தான் எழுதப்போகிறேன்.

2

மரே என்பவர் இங்கே தேசிய லீக்கில் ஆடும் ஒரு கழகத்தின் கோச். பகலில் கூரைத் தகடு விற்கிறார். ஒருநாள் ஜிம்மில் எனக்குப் பின்னால் நின்று என் கொப்பியை எட்டிப் பார்த்தார். யார் எந்த இடத்திலிருந்து பந்தை எறிந்தார், விழுந்ததா இல்லையா என்று ஆடுகளத்தின் படம் போட்டுக் குறித்திருந்தேன். ஒரு பிரதி கேட்டார். அதற்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களின் வீடியோ கசெற்றுகளைத் தரத் தொடங்கினார். கழகங்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு அமெரிக்கரைச் சம்பளத்துக்குக் கூட்டி வரும். கசெற்றில் எல்லோரும் வீரர்கள், ஏனென்றால் தவறிய பந்துகளை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். வெட்டிய இடங்களை எண்ணுவது என் வேலை. எந்த ஆட்டத்தில் வெட்டு அதிகமோ அந்த ஆட்டத்தில்தான் ஆளின் உண்மை இருக்கிறது என்று மரேக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். அடுத்த பருவம் ஆட்டத்தின்போது எனக்குப் பக்கத்தில், அணி வாங்கில் ஓர் இடம் தருகிறேன், கழகத்தின் ஜாக்கெட்டும் தருகிறேன் என்றார். அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்கு அனுப்பப் படம் எடுப்பதுவரை நான் யோசித்துவிட்டேன்.

பல்கலைக்கழகப் போட்டியொன்றில்தான் கபிலனைக் கண்டேன். பெயர்த் தாளில் தகப்பன் பெயர் கட்டத்துக்கு வெளியே ஓடியிருந்தது. அப்போதே நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கட ஆள். சென்டர். ஆறடி ஒன்பது. இரண்டைக் கழித்தேன்.

அன்று இருபத்துநாலு புள்ளி எடுத்தான். அவனை மறித்தவன் என்னைவிடக் கொஞ்சம்தான் நெடியவன், ஆகவே பாதியை வெட்டினேன். ஆனால் வெட்ட முடியாதவை சில இருந்தன. பந்து வளையத்தில் படுவதற்கு முன்பே அவனுடைய கால்கள் அது விழப்போகும் இடத்துக்குப் போய்விட்டன. உயரத்தைப் படிப்பிக்க முடியாது என்பார்கள், அந்தக் கால்களையும் படிப்பிக்க முடியாது. கைகள் மெத்தென்றிருந்தன. கோணலாக எறிந்த பந்தும் அவற்றில் அடங்கியது. குறைகளும் இருந்தன. பந்தைப் பறித்த கையோடு வயிற்றுக்குக் கீழே இறக்கினான், குட்டையன்கள் தட்டிப் பறித்தார்கள். வலத் தோளால் மட்டும் திரும்பினான். பத்து நிமிடத்தில் களைத்தான்.

இன்னொன்றும் எழுதினேன். எதிரணிக்காரன் முழங்கையால் விலாவில் இடித்தபோது அவன் திருப்பி இடிக்கவில்லை, முகத்தையும் மாற்றவில்லை. இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான். மீசை வேறு. பத்தொன்பது வயது என்று தாளில் இருந்தது. பத்தொன்பது வயது இப்படி நிற்காது என்று பக்கத்தில் குறித்தேன்.

ஆட்டம் முடிந்து போய்க் கதை கொடுத்தேன். தமிழோ என்று கேட்டதற்கு, "ஓம் அண்ணை," என்று குனிந்து சொன்னான். எந்த இடம் என்று கேட்டேன்.

"ஊரோ, இங்கத்தை இடமோ?"

"முதல் இங்கத்தையைச் சொல்லு."

"கிளென் ஈடன். ஊரைச் சொன்னால் நீங்கள் உடன என்ர மாமாவைத் தெரியும் எண்டுவியள்."

வாய் இருக்கிறது என்று எழுதிக்கொண்டேன்.

3

மரே அவனைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாஸ்போட்டின் பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. அதன்படி கபிலனுக்கு அந்த வருடத் தை மாதம் பத்தொன்பது முடிந்திருந்தது.

அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். பத்தொன்பதில் இந்த உயரமும் இந்தக் கால்களும் என்றால், இரண்டு வருடம் அணியில் வைத்துத் தினமும் பயிற்சி கொடுத்து, கைச்செலவுக்குச் சம்பளமும் கொடுப்பார். மூன்றாம் வருடம் இவன் இங்கே, அல்லது அவுஸ்திரேலியாவில், பந்து விளையாடியே சீவிக்கலாம். ஆனால் இவனுக்கு உண்மையில் இருபத்திரண்டு இருபத்துமூன்று என்றால் இது வளர்ந்து முடிந்த ஆள். இன்றைக்கு எப்படி இருக்கிறானோ அப்படியேதான் இருப்பான். அப்படியென்றால் வேண்டாம்.

பிறகு குரலைத் தணித்தார். தப்பாக நினைக்கக்கூடாது, ஆனால் உங்கள் பக்கத்துப் பத்திரங்கள் எப்போதும் நேராக இருப்பதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ அவர்களுடைய பாஷை பேசுகிறாய். வீட்டுக்குப் போய்ப் பார்த்து, எனக்கு ஓர் அறிக்கை எழுது.

தப்பாக நினைத்திருக்கவேண்டும். நினைக்கவில்லை. எனக்கு ஜாக்கெட்தான் கண்ணுக்குள் நின்றது.

இத்தனைக்கும் உயரமான பெடியனின் வயதை எவனும் நம்பமாட்டான் என்பது எனக்குப் புதிதல்ல. எங்கள் பள்ளிக்கூடத்துச் சீமெந்து ஆடுகளத்தில் என்னோடு விளையாடிய ஒருவன் பதின்மூன்று வயதிலேயே வாத்தியாரைவிட நெடியவன். சோதனைச் சாவடியில் எல்லோரையும் போகவிட்டு அவனை மட்டும் நிறுத்துவார்கள். அவனுடைய அம்மா பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு எங்கே போனாலும் கொண்டு திரிந்தார். சாவடி தூரத்தில் தெரிந்ததும் அவன் முழங்காலை மடித்து நடக்கத் தொடங்குவான். நாங்கள் அவனுக்குப் பின்னால் அதே மாதிரி நடந்து சிரிப்போம். இதெல்லாம் நினைவிருந்தும் நான் அண்ணையின் காரைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு கிளென் ஈடனுக்குப் போனேன்.

4

கபிலனின் தகப்பன் ஊரில் நில அளவையாளராக இருந்தவர். இங்கே ஒடாஹுஹுவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளைத் தரம் பிரிக்கிறார். நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறார். அப்படியும் அவரிடம் அளவைத் துறை போகவில்லை. உயரம் கேட்டேன்.

"ஆறடி ஏழே முக்கால்," என்றார். "சப்பாத்தில்லாமல். காலமை. பின்னேரம் எண்டால் கால் அங்குலம் குறையும் தம்பி, ஆருக்கும் குறையும்."

போன வருடம் இதே மாதம் ஆறடி ஆறரை என்றும் சொன்னார். ஒருவன் சுயமாகத் தன் மகனின் உயரத்தைக் குறைத்துச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம். அதற்கு நான் என்ன செய்திருக்கவேண்டும்? நம்பியிருக்கவேண்டும். நானோ, இவ்வளவு நேர்மையாகக் கதைக்கிறார் என்றால் வேறு எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். பத்தொன்பதில் ஒரு வருடத்துக்கு ஒன்றேகால் அங்குலம் வளருவானா, பெடியன் சின்னவன் என்று காட்டத்தானே இந்தக் கணக்கு என்று மனம் ஓடியது.

எங்கட ஆட்களின் வயதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. வயதைக் கேட்கக்கூடாது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை எந்த வருடம் எடுத்தாய் என்று கேட்கவேண்டும். பாஸ்போட்டில் எதையும் மாற்றலாம், அந்தச் சோதனை வருடத்தை ஒருவனும் மறக்கமாட்டான். கோப்பியைக் குடித்தபடி பேச்சுவாக்கில் கேட்டேன்.

"நான் எடுக்கேல்லை அண்ணை," என்றான் கபிலன். "அந்த நேரம் எங்கட பள்ளிக்கூடம் அகதி முகாம். கரும்பலகையில உடுப்புக் காயப்போட்டிருந்தது."

பொறி வெறுமையாகத் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து அவனுடைய அக்கா மாலினி கேக் தட்டோடு வந்தாள். சுதன் அண்ணா, இதையும் எடுங்கோ என்றாள். சுதன் என்பது நான். அண்ணா என்றபோது அவளுடைய வாய் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. நேற்று மாலினிக்கு இருபது முடிந்தது, அந்தக் கேக்தான் என்று தாய் சொன்னார். பிறகு இடியப்பமும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். "வடிவாச் சாப்பிடுங்கோ தம்பி, பந்து பந்தெண்டு திரியிற பிள்ளையள் சாப்பிடுறேல்லை," என்றார். இரண்டாம்தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வாசலிலேயே விரல் மடிக்கத் தொடங்கிவிட்டேன், ஆனால் காரை எடுத்து முதலாவது சிக்னலில் நின்றபோதுதான் கணக்கு விழுந்தது. மாலினிக்கு இந்தப் பங்குனியில் இருபது. கபிலனுக்கு இந்தத் தையில் பத்தொன்பது. அப்படியென்றால் மாலினி பிறந்து பத்தாம் மாதம் கபிலன் பிறந்திருக்கிறான். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கும்வரை நான் அசையவில்லை.

5

அண்ணி குசினியில் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை பிறந்து பத்து மாதத்தில் அடுத்தது பிறக்குமா என்று கேட்டேன். முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலும். ஆனா முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிஞ்சு, தலை முழுகி, தாய்வீட்டால வந்து, உடன பத்து மாசம் சுமந்து... அவ்வளவு அவசரப்பட்ட மனிசன் எங்கட பக்கத்தில இல்லை," என்றார். "விசா குடுக்கிற வெள்ளைக்கார ஒபிசருக்கு ஒன்பது மாசக் கணக்கு. பத்தெண்டால் தாராளம் எண்டு விட்டிருப்பான். ஏன், ஆரைப் பிடிக்கப் போறாய்?"

அண்ணை அண்ணியின் மகளுக்கு ஆறு வயது. எது கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில். தமிழில் அவளிடம் மிஞ்சியிருப்பது நாலைந்து சொல், அதில் சித்தப்பா ஒன்று. அவள் தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பி, சித்தப்பா பொலிஸா என்று ஆங்கிலத்தில் தாயிடம் விசாரித்தாள். அண்ணி இல்லை என்று சொல்லவில்லை.

அறிக்கையை அன்றே எழுதினேன். உயரம், கால், கை, திரும்பும் தோள், களைப்பு, ஆட்டத்தை வாசிக்கும் கண் என்று எட்டு வரி. அதற்கு முன்பு நான் அப்படி ஒன்று எழுதியதில்லை, அவ்வளவு நல்ல அறிக்கை. தொழில்முறை ஆட்டக்காரனாக வரக்கூடியவன், சதை போடவேண்டும், இடத் தோளைப் பழக்கவேண்டும், இரண்டு வருடம் பொறுக்கவேண்டும் என்று முடித்தேன். ஒன்பதாவது வரி வயது. பாஸ்போட்டின்படி பத்தொன்பது, என் கணிப்பு அதைவிடக் கூடுதல், என்று எழுதினேன். மாலினியைப் பற்றியோ பத்து மாதத்தைப் பற்றியோ எழுதவில்லை. எழுதாததை அப்போது ஒரு பெருந்தன்மையாக நினைத்தேன். அவர்கள் வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்பின் வாசம் கையில் இருந்தது.

6

மரே வீண்பேச்சுப் பேசும் மனிதரல்ல. அறிக்கையை வாசித்துவிட்டு, கபிலனைத் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிட்டு, லீக்கில் பதிவதற்கு என்று சொல்லி வீட்டுக்கு ஒரு படிவமும் அனுப்பினார். குடும்பம் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்த கோப்பின் பிரதியை, உரிய அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அதோடு இணைக்கவேண்டும். மற்ற ஆட்டக்காரர் ஒருவரிடமும் அதைக் கேட்டதில்லை. இரண்டாம் நாள் கபிலன் தொலைபேசியில் மரேயைக் கூப்பிட்டு, படிப்புக் கூடிவிட்டது, தேர்வு ஆட்டத்துக்கு வரவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டான்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசமாக இருந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் ஒதுங்குகிறான்?

அடுத்த நாள் பல்கலைக்கழக நூலகத்தில் என் மேசைக்கு எதிரே ஒருத்தி வந்து நின்றாள். மாலினி. நான் எழும்பப் போனேன்.

"எழும்பவேண்டாம். இரும் தம்பி," என்றாள்.

தம்பி என்றதும் எனக்குப் புரியத் தொடங்கிவிட்டது. கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"நீர் என்ன கணக்குப் பாத்தனீர் எண்டு எனக்குத் தெரியும். கேக்கைத் திண்டிட்டு வாசலில நிண்டு விரல் மடிச்சதை நான் யன்னலால கண்டனான். கணக்குச் சரி. ஆளைத்தான் மாத்திப் பிடிச்சிட்டீர்."

மெதுவாகச் சொன்னாள், பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல. தகப்பன்தான் முதலில் வந்தவர். குடும்பத்தைக் கூப்பிடும் நேரத்தில் மாலினி, பிள்ளை என்று படிவத்தில் சேர்க்கக்கூடிய வயதைத் தாண்டியிருந்தாள். அவளைக் கொழும்பில் லொட்ஜ் அறையில் தனிய விட்டுவிட்டு மற்றவர்கள் விமானம் ஏறுவதா? ஒவ்வொரு பொலிஸ் சுற்றிவளைப்புக்கும் அவள் தனிய வாசலில் போய் நிற்பதா? அவளுடைய வருடத்தைத்தான் மாற்றினார்கள். கபிலனுடைய திகதியில் ஒருவரும் கைவைக்கவில்லை. மாற்றியவர் அவசரத்தில் தம்பியின் திகதியைப் பார்க்க மறந்துவிட்டார், அதனால்தான் பத்து மாதம்.

"அவனுக்குப் பத்தொன்பதுதான். ஆனா அவன்ர கோப்பும் என்ர கோப்பும் ஒண்டு. அந்தப் பிரதியைக் கேட்டால் ஆரோ ஒருத்தன் இறாக்கையில இருந்து எடுப்பான், ரெண்டு திகதியையும் ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா வைச்சுப் பாப்பான். அம்மா அவனைப் போகாதை எண்டு சொல்லேல்லை. படிவத்தைப் பாத்திட்டு அவனாத்தான் போன் எடுத்தவன்."

"எனக்குத் தெரியாது..." என்று தொடங்கினேன்.

"தெரியாதெண்டு எனக்கும் தெரியும். தெரியாததை ஏன் எழுதினீர்?"

  தன்னைப் பற்றி ஏதாவது எழுதினேனா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். மேசை விளிம்பைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் விட்டாள்.

"அப்ப அந்தக் கோச்சிட்டைப் போய், இவன்ர வயசு சரி, நான்தான் பிழை எண்டு சொல்லும். என்ர பேர் வராமல் சொல்லும். இப்பிடி ஒரு ஆள் அவனை இன்னொருக்காக் கேக்கமாட்டான்."

(இந்தக் குறிப்புகளை அனுப்பும் முன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். வீட்டையும் ரயில் பாதையில் ஒன்றிரண்டு தரிப்பிடம் தள்ளி வைத்திருக்கிறேன். எத்தனை வருடம் குறைத்தார்கள் என்று எழுதக்கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. உயிர்ப் பயத்திலோ கலியாணப் பேச்சிலோ குறைத்தது எதுவாயிருந்தாலும் பெண்பிள்ளையின் வயது பத்திரிகையில் வரக்கூடாதாம். என் வயதையும் எழுதவில்லை, அதிலிருந்து கணக்குப் பார்ப்பீர்கள்.)

7

ஆனால் எப்படிச் சொல்வது? மரேயிடம் போய், நான் விசாரித்தேன், பத்தொன்பது சரி என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் கேட்பேன். எங்கட ஆட்கள் என்னை மடக்கிவிட்டார்கள் என்று நினைப்பார். அதையும் நான் நினைப்பேன்.

கபிலனின் தகப்பன் சொன்ன ஒன்றேகால் அங்குலம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பல்கலைக்கழக ஆட்டங்களை மாணவர் சங்கம் வீடியோவில் பிடித்து வைத்திருக்கும். போன வருடக் கசெற்றையும் இந்த வருடக் கசெற்றையும் இரவல் வாங்கினேன். வளையம் எந்த நாட்டிலும் எந்த வருடத்திலும் பத்தடி உயரத்தில்தான் இருக்கும், அதற்குச் சப்பாத்தும் இல்லை, ஆசையும் இல்லை. கபிலன் வளையத்துக்கு நேர்கீழே அசையாமல் நிற்கும் இடங்களைத் தேடி, படத்தை நிறுத்தி, ரிவியில் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். அண்ணியின் தொலைக்காட்சி நாடகம் இரண்டு நாள் தவறிப்போயிற்று. அவருடைய மகள் ஒரு தரம் வந்து அடிமட்டத்தின் மற்ற நுனியைப் பிடித்தாள். போன வருடம் ஏழு இடம், இந்த வருடம் ஒன்பது இடம். சராசரி எடுத்து, பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் போட்டு, அளவைப் படமாக வரைந்தேன். ஓர் அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருந்தான். அந்த மனிதர் கால் அங்குலமும் கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

மரே தகட்டுக் கடையின் பின்பக்கத்தில் நின்று அதை வாசித்தார். நான் முன்பு எழுதிய ஒன்பதாவது வரி பிழை என்றேன். எதனால் பிழை விட்டாய் என்று கேட்டார். மீசையைப் பார்த்து எழுதிவிட்டேன் என்றேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லவில்லை என்பது அவருக்கு விளங்கியது. 

அவர் சொன்னது இது. இந்தத் தாள் அவனுக்குப் பத்தொன்பது என்று நிரூபிக்கவில்லை, வளர்கிறான் என்று காட்டுகிறது. எனக்கு வேண்டியது அதுதான். லீக்குக்குப் பாஸ்போட் போதும், படிவத்தை விட்டுவிடு, வரச்சொல். பிறகு ஒரு தகட்டை எடுத்து ஓரத்தைத் தட்டிப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னார். பத்து நாளைக்கு முன் ஒன்று எழுதினாய், இன்றைக்கு அதற்கு எதிர்மாறாக எழுதுகிறாய், நடுவில் என்ன நடந்தது என்று சொல்லமாட்டாய். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவன் சொல்வதை நான் கேள்வி கேட்காமல் எடுக்கவேண்டும். உன்னோடு எனக்கு அது இனிக் கஷ்டம்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கும் கோபப்பட இடமிருக்கவில்லை. வெளியே வந்து, பஸ் தரிப்பில் நின்றுதான் ஜாக்கெட்டை நினைத்தேன்.

8

கபிலன் என் தொலைபேசிக்கு வரவில்லை. மாலினிதான் அவனைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து ஜிம் வாசலில் இறக்கினாள். தேர்வு ஆட்டத்தில் அவனுக்கு எதிராக நின்றவர் அந்த வருடம் வந்த அமெரிக்கர், முப்பது தாண்டிய, அலுமாரி போன்ற மனிதர். முதல் பத்து நிமிடம் பார்க்கச் சகிக்கவில்லை. கபிலன் வயிற்றுக்குக் கீழே இறக்கிய ஒவ்வொரு பந்தையும் அவர் புத்தகம் எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு பந்தை இவன் இறக்கவில்லை. அடுத்ததையும் இறக்கவில்லை. தலைக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றான். ஒரு பிழையைச் சொல்லித் திருத்துவது ஒன்று, அதை ஆட்டத்துக்குள்ளேயே தானாகக் கண்டு திருத்துவது வேறு. அதைக் கொப்பியில் எழுதினேன். கொடுக்க ஆளில்லை என்றாலும் எழுதினேன். மரே அவனை இரண்டு வருடத்துக்கு எடுத்தார்.

இப்போது பருவம் பாதி போய்விட்டது. கபிலன் ஓர் ஆட்டத்தில் மூன்று நிமிடம் வருவான், இன்னொன்றில் வரவே மாட்டான். நான் ரிக்கெட் எடுத்து மேல்வரிசையில் இருந்து பார்க்கிறேன். இனி என் மதிப்பீட்டை யாரும் கேட்கப்போவதில்லை, ஆகவே இங்கே சொல்கிறேன்: அடுத்த வருடம் பத்து நிமிடம் நிற்பான். அதற்கடுத்த வருடம் இதை வைத்துச் சீவிப்பான். இதில் நான் ஒன்றையும் கழிக்கவில்லை.

போன சனிக்கிழமை மழைக்குக் கூட்டம் குறைவு. அவனுடைய தாயும் தகப்பனும் மாலினியும் எனக்கு முன்வரிசையில் இருந்தார்கள். மாலினி கையைக் காட்டினாள். தாய், நான் அன்ரி என்று கூப்பிடுபவர், திரும்பவில்லை. பங்குனிக்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோயிலில் கண்டாலும் சாமியைப் பார்ப்பார்.

கடைசிக்கு முதல் கட்டத்தில் மரே கபிலனை இறக்கினார். வந்து ஒரு நிமிடம் இருக்காது. எதிரணியின் ஒரு சின்னப் பெடியன் வேகமாக உள்ளே வெட்டிக்கொண்டு வந்து, கபிலனின் நெஞ்சில் முட்டி, நிலத்தில் விழுந்து உருண்டான். விசில் ஊதியது. நடுவர் கபிலனைக் கைகாட்டினார். கூட்டத்தில் சிலர் ஊவென்றார்கள். கபிலன் ஒன்றும் பேசாமல், விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

அன்ரி திரும்பினார். மாலினியிடம் அல்ல, என்னிடம்.

"அவன் என்ன செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை அன்ரி. நிண்ட இடத்தில நிண்டவன். மற்றவன்தான் ஓடிவந்து இடிச்சவன். இவன் நெட்டையன் எண்டபடியால், இவன்தான் விழுத்தினவன் எண்டு நடுவர் நினைச்சிட்டார்."

"உமக்கு வடிவாத் தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சால் போய்ச் சொல்லும்."

அப்படிச் சொல்ல முடியாது, பார்க்க வந்தவர்கள் போய்ச் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று வாய்வரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பினேன். படியால் இறங்கி, ஆடுகளத்தின் ஓரத்தால் நடந்து, மரேயின் வாங்குக்குப் பின்னால் போய் நின்று, கபிலனில் பிழையில்லை, கால் இரண்டும் முன்பே ஊன்றியிருந்தன என்றேன். மரே திரும்பிப் பார்க்கவில்லை. தெரியும், போய் இரு என்றார். கபிலனை வெளியே எடுக்கவும் இல்லை.

திரும்பி ஏறி வந்தேன்.

"சொல்லிப்போட்டன் அன்ரி."

அன்ரி ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே, பக்கத்துக் கதிரையில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்து, எனக்கு இடம் விட்டார்.